எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் நலம். மனசளவில் நான் நலமில்லை, அவர் எப்படி என்று தெரியாது, ஏனென்றால் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலமா என்று கேட்பதுதான் முறை. இத்தனை நாளும் முறைப்படி கேட்டேன், நீயும் "எல்லாரும் சூப்பரா இருக்கோம்மா" என்று முறைப்படி சொன்னாய். அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை. இன்னொரு பொய்யை வாங்கி வைத்துக்கொள்ள இங்கே இடமில்லை. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் என் கோபம் இறங்கிவிடும். அது இறங்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். குறுக்கே பேச வழியில்லாமல் நீ ஒரு தடவையாவது என்னை முழுசாகக் கேட்டாக வேண்டும்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை உன் நாத்தனார் இந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்தவள் வீட்டுக்கும் வந்தாள். நல்ல பெண், அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்த விஷயத்தில் உங்கள் எல்லாரையும்விட அவள்தான் யோக்கியம். டீயை ஊற்றிக்கொண்டிருந்தேன். "சின்னவனுக்குக் காதுல மெஷின் வெச்சதுக்கப்புறம் பரவாயில்லையாமே அத்தை, கூப்பிட்டா திரும்பறானாமே" என்றாள். நான் டீயை ஊற்றிக்கொண்டே இருந்தேன். டம்ளர் நிரம்பி மேஜையில் ஓடியது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், காது கேட்கிறவர்கள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால், ஒன்றும் புரியாமலேயே சிரித்துச் சிரித்துத் தலையாட்டும். புரியவில்லை என்று காட்டிக்கொள்ள வெட்கம். இருபது வருஷத்துக்கு மேலாக "புரியலன்னா தலையாட்டாதே, கேளு" என்று அந்தப் பிள்ளைகளைத் திட்டி வளர்த்த நான், என் வீட்டு மேஜை முன்னால் உட்கார்ந்துகொண்டு, என் பேரனைப் பற்றி, தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அந்த வெட்கத்தை எனக்குக் கொடுத்தது நீ.

உன் அப்பா எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் ஆடியது. மின்விசிறிக் காற்றில் ஆடியதாக்கும் என்று பார்த்தால் மின்விசிறி ஓடவில்லை. அவள் போன பிறகு, "உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்டேன். "அவதான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினா" என்றார். ஆக மாப்பிள்ளைக்குத் தெரியும், நாத்தனாருக்குத் தெரியும், அவள் வீட்டுக்காரருக்குத் தெரியும், என்னோடு ஒரே கூரையின் கீழ் படுத்து எழும் மனுஷனுக்கும் தெரியும். காதும் காதும் வைத்த மாதிரி என்று சொல்வார்கள், காது விஷயத்தையே அப்படி முடித்துவிட்டீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பார்களாம், நீ கொல்லனிடமே ஊசியை ஒளித்திருக்கிறாய். காது கேளாத பிள்ளைகளுக்கு நர்ஸ் நான். என்னிடம்!

இப்போது ஒவ்வொன்றாகப் புரிகிறது. வீடியோவில் பேசலாம் என்றால் நெட் சரியில்லை என்பாய். படம் அனுப்பினால் வெயிலிலும் குல்லாய், வீட்டுக்குள்ளும் குல்லாய். "ரெண்டு வயசு தாண்டியும் பேச்சு வரலையே" என்று நான் கேட்டதற்கு "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான்மா பேசும்" என்று எனக்கே பாடம் எடுத்தாய். நானும் பெற்ற மகளைச் சந்தேகப்படக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறைத்தது ஒரு பக்கம் கிடக்கட்டும். மறைத்ததற்கு நீ சொன்ன காரணம் இருக்கிறதே, அதுதான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நான் தலையாட்டியதை நம்பி, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து உன் நாத்தனாரே அன்றைக்குச் சொல்லிவிட்டாள். முதலில் நீ அவளிடம், "அம்மாவுக்குத் தெரிஞ்சா இவனையும் அந்த ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி ஆக்கிடுவாங்க" என்று சொன்னாயாம். அந்தப் பிள்ளைகள் மாதிரி என்றால் எந்தப் பிள்ளைகள் மாதிரி? என் சிக் ரூமில் பஞ்சைத் திருடித் தாடி வைத்துக்கொண்டு தலைமையாசிரியை மாதிரி நடந்து காட்டுமே, அந்தப் பிள்ளை மாதிரியா? தலைமையாசிரியைக்குத் தாடி கிடையாது, ஆனாலும் அத்தனை பேருக்கும் யாரென்று தெரிந்துவிடும், அப்படி நடிக்கும். இல்லை, பத்து வருஷத்துக்கு முன் என்னிடம் கட்டுப் போட்டுக்கொண்டு போய், இன்றைக்கு அதே பள்ளியில் கணக்கு வாத்தியாராக நிற்கிறானே, அவன் மாதிரியா? நீ ஸ்கூல் விட்டு வந்து என் சிக் ரூம் கட்டிலில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாய். அங்கே கலர் பென்சிலுக்காக உன் வயசுப் பெண்ணோடு கையால் பேசியே சண்டை போட்டாய், நான் வந்து விலக்கினால் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு கையாலேயே என்னைக் கிண்டல் செய்தீர்கள். எனக்கு அந்தப் பிள்ளைகள் வைத்த பேர் ஊசி, மேல்கையில் இரண்டு விரலால் கிள்ளினால் நான். அந்தப் பேரை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். அப்புறம் வளர்ந்தாய், பஸ்ஸில் யாரோ பார்த்தார்கள் என்று கையை மடக்கிக்கொண்டாய். வயசுப் பெண் வெட்கம் என்று விட்டேன். அந்தப் பாஷை உன் கையில் இன்றும் இருக்கிறது. சைக்கிள் மாதிரி, மறக்காது. பெற்ற பிள்ளைக்கு வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டி வைத்திருக்கிறாய் பார், அதற்குத்தான் எனக்குக் கண் சிவக்கிறது.

இப்போது ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், படி. எங்கள் விடுதியில் ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி. எங்கள் ஊமைப் பாஷையில் அவள் பேர் கன்னக்குழி, கன்னத்தில் விரலை வைத்துத் திருகினால் அவள். ஊமைப் பாஷை என்று எழுதியதற்கு மன்னிக்க வேண்டும், என் பிள்ளைகள் பார்த்தால் என்னை உரித்துவிடுவார்கள், சைகை மொழி. இந்த வருஷம் லீவு முடிந்து திரும்பியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் வயிற்று வலி என்று என்னிடம் வந்து நிற்பாள். வார இறுதிக்கு வீட்டுக்குப் போன பிள்ளைகள் எல்லாம் விடுதிக்குத் திரும்பும் நேரம் அது. காய்ச்சல் இல்லை, வயிறு மெத்தென்று இருக்கிறது, நாக்கு சுத்தம். பூச்சி மாத்திரை கொடுத்தேன். வாரம் ஒருநாள் வரும் டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார், எடுத்தேன், ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் தட்டை வழித்துச் சாப்பிடுகிறாள். வார்டன் அம்மா, "நடிக்கிறா மேடம், ஹோம்வொர்க் செஞ்சிருக்க மாட்டா" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரியும். வாயால் சொல்ல முடிந்த பிள்ளைக்கு வலித்தால் வலி, இதுகளுக்கு வலித்தால் நடிப்பு.

ஒரு ஞாயிறு அவள் வலியோடு வந்தபோது நான் தெர்மாமீட்டரை எடுக்கவில்லை. கட்டிலில் எதிரெதிராக உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு, எப்போது ஆரம்பிக்கிறது என்று கேட்டேன். விடுதி கேட்டில் நிற்கும்போது என்றாள். கேட்டில் ஏன் நிற்கிறாய் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வார்டன் அம்மாவைக் கேட்டால், முன்பெல்லாம் இவள் தாய்மாமன்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவான், இப்போது அம்மா பஸ்ஸில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறாள் என்றாள். திரும்பி வந்து, மாமா எங்கே என்று பிள்ளையைக் கேட்டேன்.  மாமாவுக்கு என்மேல் கோபம் என்றாள். வண்டிக் கண்ணாடியை நான் உடைத்துவிட்டேன், அதற்குப் பிறகு மாமா வருவதேயில்லை, கேட்டில் நின்று பார்க்கிறேன், வரவேயில்லை என்றாள்.

மறுநாளே அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன். பாவம், வேலைக்கு அரைநாள் லீவு போட்டு ஓடி வந்தாள். "உங்க தம்பி எங்கேம்மா" என்றேன். நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். "போய்ச் சேர்ந்துட்டான் மேடம். லீவுலயே. லாரிக்காரன் பின்னாடியே வந்து…" என்றாள்.  பிள்ளைக்குச் சொல்லவில்லையா என்று கேட்டேன். "எப்படி மேடம் சொல்றது? அவளுக்குத்தான் காது கேக்காதே. சின்னப் பிள்ளை வேற, தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்னு பக்கத்து வீட்டுல டிவி முன்னாடி உக்கார வெச்சுட்டோம். எங்கேன்னு கேட்டா போயிட்டான்னு கையைக் காட்டுவோம்" என்றாள். கையிலிருந்த ட்ரேயைத் தரையில் போட்டேன். போட்டேன் என்ன, எறிந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கோபக்காரர்களுக்கு ஒரு வசதி, எதை எறிந்தாலும் யாரும் ஓடி வர மாட்டார்கள். "காது கேக்காதவளுக்குக் கண்ணும் தெரியாதாம்மா? வீடு நெறைய ஜனம் வந்து அழுததை அவ பாக்கலையா? கண்ணாடியை உடைச்சதால மாமா வரலைன்னு வாராவாரம் கேட்டுல நின்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றா உங்க பொண்ணு" என்று கத்திவிட்டேன். நர்ஸ் அப்படிக் கத்தக் கூடாது. கத்தினேன்.

அந்த அம்மா "நீங்களே சொல்லிடுங்க மேடம், உங்களுக்குத்தான் பாஷை தெரியும்" என்றாள். மாட்டேன் என்றேன். சாவை மூன்றாம் மனுஷி வந்து சொல்லக் கூடாது, பெற்றவள்தான் சொல்ல வேண்டும், கையை மட்டும் நான் சொல்லித் தருகிறேன் என்று, மாமா, வண்டி, அடி, இறந்துபோனார் என்று நாலே சைகை உட்கார வைத்துப் பழக்கினேன்.  ஒன்பது வருஷம் வளர்த்த மகளிடம் அந்தத் தாய் கையால் பேசிய முதல் வாக்கியம் அது. அப்புறம் பிள்ளையை அழைத்து வந்தேன். அம்மாவின் கையைப் பார்த்தாள், நிஜமா என்று என் முகத்தைப் பார்த்தாள், நான் ஆமாம் என்றேன். முதலில் அவள் அழவில்லை. என்மேல் கோபம் இல்லையா என்று கேட்டாள். இல்லை, கண்ணாடிக்கும் இதற்கும் ஒன்றுமில்லை, மாமாவுக்கு உன்மேல் கோபமே இல்லை என்றேன். ஒரு பெருமூச்சு விட்டாள் பார், அத்தனை நாள் வயிற்று வலியும் அதில்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கேட்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கு அப்போதே தெரியுமா? தெரியும். அப்பாவுக்கு? தெரியும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு? தெரியும். தங்கச்சிக்கு? அந்தத் தங்கச்சிக்கு நாலு வயசு. அவளுக்கும் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, மடியில் படுத்துக்கொண்டே பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். காது கேட்கிற பிள்ளைக்கு வீட்டுச் சேதி காற்றில் வந்துவிடுகிறது. இவளுக்கு யாராவது முகத்துக்கு நேராக நின்று சொன்னால்தான் உண்டு. தங்கச்சிக்கும் தெரியும் என்று அம்மா தலையாட்டியதும், எனக்கு மட்டும், எனக்கு மட்டும் என்று நெஞ்சில் தட்டித் தட்டிக் கேட்டாள். அப்புறம் இரண்டு கையாலும் அம்மாவை அடித்தாள். அந்த அம்மா, தடுங்கள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. அடிக்கட்டும் என்று நின்றேன். அடித்து ஓய்ந்து அவள் அழ ஆரம்பித்தபோது, அந்தத் தாய்க்கு என்ன தோன்றியதோ, அழுதுகொண்டே மறுபடி அந்தக் கையைக் காட்டினாள், மாமா இறந்துபோனார், மாமா இறந்துபோனார் என்று. பதற்றத்தில் விரலைத் தப்பாக வைத்தாள். பிள்ளை அழுகைக்கு நடுவிலேயே அம்மாவின் விரலைப் பிடித்துச் சரியாக மடக்கிவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றோடு வலி போய்விட்டது என்று எழுதினால் அது கதை. நேற்றும் வந்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். வயிற்றைக் காட்டவில்லை, மாமா என்றாள். சரி, உட்கார் என்றேன். இருவரும் உட்கார்ந்து அவன் வண்டியைப் பற்றிப் பேசினோம். மகளை வீட்டுக்குக் கூட்டிப்போக வரும் அவள் அம்மா இப்போது சனிக்கிழமைதோறும் சீக்கிரமே வந்து எங்கள் கணக்கு வாத்தியாரிடம் கை பழகுகிறாள். எல்லா வார்த்தையும் கோணல் மாணல்தான். மகள் பக்கத்தில் நின்று பெரிய அதிகாரி மாதிரி திருத்துகிறாள்.

அந்த அம்மா படிக்காதவள் இல்லை, கெட்டவளும் இல்லை. பிள்ளைக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்தாள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் பாப்பா, அந்தப் பிள்ளை நெஞ்சில் தட்டிக் கேட்டாளே, அதே கேள்வியைத்தான் நானும் உன்னிடம் கேட்கிறேன். எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? நான் மயங்கி விழுவேன் என்று நினைத்தாயா? ஐயோ பேரனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று ஊரைக் கூட்டி ஒப்பாரி வைப்பேன் என்று நினைத்தாயா? உலகத்திலேயே இதைக் கேட்டு அழாத ஒரே அம்மா உனக்குத்தான் வாய்த்திருந்தாள். அவளிடம் சொல்லாமல் வேறு எல்லாரிடமும் சொல்லி, அவர்கள் உச்சுக் கொட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு தனியாகக் கிடந்திருக்கிறாய். அவனுக்கு டெஸ்ட் எடுத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி நாற்காலியில் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? மாப்பிள்ளை வெளியூரில் இருந்தாராம், அதையும் உன் நாத்தனார் சொன்னாள். நான் இருந்திருக்க வேண்டிய நாற்காலி அது. அதை என்னிடமிருந்து எடுத்துவிட்டாய், அந்தக் கோபம் லேசில் தீராது.

அங்கே யாரோ டாக்டர், கையால் பேசினால் வாய் வராது என்று சொன்னாராம், அதனால் வீட்டில் ஒருத்தரும் அவனிடம் கையை அசைப்பதில்லையாம். மெஷின் வைத்ததை நான் குறை சொல்லவில்லை, நல்லது, வைக்கட்டும், பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிப் போ, பேசினால் எனக்குச் சந்தோஷம். ஆனால் கை வாயைத் தின்னாது. நீ ஏழு வயசில் இரண்டாலும் சண்டை போட்டவள், உன் வாய் ஏதாவது குறைந்துவிட்டதா? குறைந்திருந்தால் எனக்கும் உன் அப்பாவுக்கும் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ராத்திரி மெஷினைக் கழற்றி வைத்த பிறகு அவனுக்குக் கனவில் பயந்து முழிப்பு வந்தால் அவனிடம் எப்படிப் பேசுவாய்? குளிக்கும்போது எப்படிப் பேசுவாய்? பின்னாலிருந்து வந்து தொட்டுத் தூக்காதே, முதலில் அவன் கண்ணில் படு, அப்புறம் தொடு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பேசாதே, உன் முகம் அவனுக்கு இருட்டாகத் தெரியும். மெஷின் கீச்சென்று கத்தினால் காதில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், அழுத்தித் திணிக்காதே. காதுக்குள் சிவப்போ சீழோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. இதையெல்லாம் ஊரார் பிள்ளைகளின் அம்மாக்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது. என் மகளுக்குச் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது பார்.

உன் அப்பா கதையையும் கேள். அவர் செய்த காரியத்துக்கு வாய்ப்பேச்சு கிடையாது, கையால்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் சாப்பிட வா என்கிற ஒரே சைகைதான் அவருக்குத் தெரியும், அது மட்டும் எப்படியோ தெரியும். இப்போது வேறு வழியில்லாமல் கற்றுக்கொள்கிறார். முந்தாநாள் என் எதிரில் வந்து நின்று ரொம்ப உருக்கமாக ஏதோ கையைக் காட்டினார். மன்னித்துவிடு என்று சொல்ல வந்தாராம். குளித்துவிட்டாயா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை, குளித்துவிட்டேன் என்று கையாலேயே பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கடைசியாக ஒன்று. நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். நீ கூப்பிடவில்லை, தெரியும். அடுத்த மாசம் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. தலைமையாசிரியை, "பரீட்சை நேரமாச்சே, இப்பப் போய் லீவா" என்று இழுத்தார். பரீட்சையை நான் எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவனை உன்னிடமிருந்து பறித்து ஏதோ ஒன்றாக ஆக்குவதற்கு நான் வரவில்லை. அவன் உன் பிள்ளை, நீ வளர்க்கிறபடி வளர்வான். அவனுக்கு ஒரு பேர் வைத்துவிட்டு வர வேண்டும், கையில் சொல்கிற பேர், அவன் சிரிப்பதையோ கோபப்படுவதையோ பார்த்தால்தான் அது தோன்றும். மற்றபடி நீ சமைக்கிறதைச் சாப்பிட்டுக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டு ஒரு மாசம் இருப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். திட்டிக்கொண்டே வாழ்த்தினாலும் பெற்றவள் வாழ்த்து பலிக்கும். சின்னவனுக்கு என் முத்தங்கள், இரண்டு காதிலும். மறக்காமல் ஒரு காரியம் செய். நாங்கள் வருவதை இன்றைக்கே அவனுக்குச் சொல். அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து, எங்கள் படத்தைக் காட்டி, வாசல் கதவைக் காட்டி, வருவார்கள் என்று உன் கையால் சொல். புரிகிறவரை சொல். நாங்கள் வந்து நிற்கிற அன்றைக்கு, அந்த வீட்டில் அவனுக்கு மட்டும் தெரியாமல் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
கோபம் இன்னும் பாதிகூட இறங்காத
உன் அம்மா